எஸ்ஜிபிடி 92: உடற்பருமன் உள்ள சிறுவன் ஒருவனின் கல்லீரல் பரிசோதனைகள், ஓராண்டுப் பதிவு

பின்னணி

தென்மாவட்ட நகரம் ஒன்றில் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் பார்த்த நிகழ்வு இது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சிறுவனுக்கு வயது 12. கல்லீரலுக்காகவோ உடல் எடைக்காகவோ அவனை அழைத்து வரவில்லை. கழுத்தின் பின்புறம் கறுத்துக்கொண்டே போகிறது, பள்ளியில் மற்ற பிள்ளைகள் ‘குளிக்கவே மாட்டியா’ என்று கேட்கிறார்கள் என்பதுதான் அம்மாவின் கவலை. "கடலை மாவு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன் டாக்டர், போகவே மாட்டேங்குது" என்றார். தேய்த்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அந்தக் கருமை அழுக்கல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அது அதிகமாகச் சுரக்கும்போது தோல் தடித்துக் கறுக்கிறது. அக்குளிலும் அதே வெல்வெட் போன்ற தடிப்பு இருந்தது.

உயரம் 151 செ.மீ., எடை 66.5 கிலோ. உடல் நிறை குறியீடு 29.2, இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணையில் உடற்பருமன் கோட்டுக்கு வெகு மேலே. இடுப்புச் சுற்றளவு 97 செ.மீ., அதாவது உயரத்தில் 64 சதவீதம். பாதிக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம் 118/76. அப்பாவுக்கு 38 வயதில் சர்க்கரை நோய் வந்திருக்கிறது, தாய்வழிப் பாட்டிக்கும் உண்டு.

அம்மா கொண்டுவந்த கோப்பில் ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய அறிக்கை ஒன்று இருந்தது. டான்சில் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்தது. அதில், கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் நொதியான எஸ்ஜிபிடி 43. பக்கத்தில் ‘இயல்பு அளவு 5–45’ என்று அச்சாகியிருந்ததால் எந்தக் குறியும் போடப்படவில்லை. அந்த அளவு பெரியவர்களுக்கானது. அமெரிக்காவில் ஆரோக்கியமான குழந்தைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வின்படி மேல் எல்லை ஆண் பிள்ளைகளுக்கு 26, பெண் பிள்ளைகளுக்கு 22. வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் இதையே எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் 43 என்பது அப்போதே அதிகம்தான்.

முதல் இரத்தப் பரிசோதனை

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் எஸ்ஜிபிடி 92, மற்றக் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 51, ஜிஜிடி 38. பிலிருபின், ஆல்புமின் இயல்பு. தட்டணுக்கள் 3.1 லட்சம். சர்க்கரை 94, இன்சுலின் 28. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவது, இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் ஹோமா எண்: 6.5. பருவ வயதில் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே கொஞ்சம் கூடும், ஆனாலும் 6.5 அதில் அடங்காது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.8 சதவீதம், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு 184, நல்ல கொழுப்பு 34, யூரிக் அமிலம் 6.9.

அப்பாவின் கண் போனது வேறொரு வரிக்கு. அல்கலைன் பாஸ்படேஸ் 372 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் ‘அதிகம்’ என்ற குறியோடு இருந்தது. "சார், இதுதானே ரொம்ப மோசமா இருக்கு?" என்றார். வளரும் பிள்ளையின் எலும்பும் இந்த நொதியைச் சுரக்கிறது, 12 வயதில் இது சாதாரண அளவுதான். குறி போடவேண்டிய எஸ்ஜிபிடிக்கு ஒன்றரை ஆண்டு முன்பு குறி இல்லை. போட வேண்டாத இதற்கு இருக்கிறது. ஆய்வகக் கணினியில் வயதுக்கேற்ற அளவு பதியப்படாததன் விளைவு.

வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்தது. அப்பா கேட்டது நியாயமான கேள்வி: "ஸ்கேன்லயே தெரிஞ்சுடுச்சே சார், இன்னும் எதுக்கு டெஸ்ட்?"

இரண்டு காரணங்கள் சொன்னேன். ஒன்று, அல்ட்ராசவுண்ட் கொழுப்பை அளக்காது. கல்லீரலில் கொழுப்பு நாலில் ஒரு பங்கை எட்டும்வரை அது கண்ணில் படாமலும் போகலாம். ஆக, கிரேடு 1 என்பது லேசானது என்று அர்த்தமில்லை. இரண்டு, கொழுப்பு படிந்திருக்கிறது என்றால் எதனால் படிந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சான் டியாகோவில் 1993 முதல் 2003 வரை விபத்து போன்றவற்றால் இறந்த பிள்ளைகளின் கல்லீரலை ஆராய்ந்தபோது உடற்பருமன் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கொழுப்புப் படிவு இருந்தது. அவ்வளவு பரவலான ஒன்று என்பதாலேயே, குண்டான பிள்ளைக்கு எஸ்ஜிபிடி கூடினால் ‘கொழுப்புதான்’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடத் தோன்றும். அப்படி எழுதப்படும் பிள்ளைகளில் சிலருக்கு வேறு நோயும் இருக்கும்.

கொழுப்பைத் தவிர வேறு எது

கொழுப்புக் கல்லீரலை உறுதியாகக் காட்டும் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இரத்தம் சொல்வதெல்லாம், மற்றவை இல்லை என்பதையும் போக்கு எந்தப் பக்கம் என்பதையும்தான். எஸ்ஜிபிடி இயல்பின் இரு மடங்குக்கு மேல் மூன்று மாதத்துக்கு நீடித்தால் முழுப் பரிசோதனை தேவை. 80ஐத் தாண்டிவிட்டால் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. எனவே மூன்று வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்தோம். எஸ்ஜிபிடி 86.

மஞ்சள் காமாலை பி, சி இரண்டும் இல்லை. தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சிக்கான எதிர்ப்பொருள்கள் இல்லை, எதிர்ப்புரதமான ஐஜிஜி இயல்பு. கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனையும் சரி. தசை நொதியான சிபிகே 168, இதைப் பலர் கேட்பதில்லை. எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் தசையிலிருந்தும் வரும். தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளை கல்லீரல் நோயாளியாக மாதக்கணக்கில் அலைவது நடக்கிற விஷயம். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் 4.9, தைராக்சின் இயல்பு. எடை கூடும்போது டிஎஸ்எச் இப்படிக் கொஞ்சம் ஏறும், எடை குறைந்தால் தானே இறங்கும் என்பதால் மாத்திரை கொடுக்கவில்லை.

சிக்கல், இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினில் வந்தது. 20க்கு மேல் இருக்க வேண்டியது, 18 இருந்தது. தாமிரம் கல்லீரலில் சேரும் வில்சன் நோயில் இது குறையும். அந்த நோயும் தொடக்கத்தில் கல்லீரலில் வெறும் கொழுப்பாகத் தெரியலாம். அப்போது ஸ்கேனிலும், சில சமயம் திசுப் பரிசோதனையிலும்கூட வித்தியாசம் புரியாது. ஆனால் வில்சன் மரபணு மாற்றத்தை ஒரு பக்கம் மட்டும் சுமக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் 18 வரலாம். கண் மருத்துவர் பிளவு விளக்கில் பார்த்தார். கருவிழி ஓரத்தில் தாமிர வளையம் இல்லை. அப்புறம் 24 மணி நேரச் சிறுநீர்த் தாமிரம் கேட்டோம்.

96 என்ற எண்

பள்ளிக்குப் போகும் பையனிடம் ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சேகரிப்பது லேசான காரியமல்ல. ஞாயிற்றுக்கிழமை சேகரித்துத் திங்கள் காலை கேனை ஆய்வகத்தில் கொடுத்தார்கள். முடிவு 96 மைக்ரோகிராம்.

பழைய அளவுகோலின்படி 100க்கு மேல்தான் வில்சன். பிள்ளைகளுக்கு 40ஐத் தாண்டினாலே சந்தேகிக்க வேண்டும் என்பது இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல். நோயைக் கணிக்கும் லைப்சிக் மதிப்பெண் முறையில் செருலோபிளாஸ்மினுக்கு 1, இந்த ஆய்வக எல்லையின் இரு மடங்கைத் தாண்டிய சிறுநீர்த் தாமிரத்துக்கு 2, ஆக 3. நான்கு வந்தால் நோய் உறுதி. மூன்று என்றால் ‘இருக்கலாம், மேலும் பார்க்க வேண்டும்’.

இந்த இடத்தில் இரண்டு பாதைகள் இருந்தன. மரபணுப் பரிசோதனைக்கும் கல்லீரல் திசுவில் தாமிரம் அளப்பதற்கும் அனுப்பலாம். அல்லது எண்ணையே முதலில் கேள்வி கேட்கலாம். வில்சனுக்கான பென்சிலமைனை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும், சிறுநீரகத்தையும் தோலையும் பாதிக்கக்கூடிய மருந்து. அந்த முடிவை ஒரே ஒரு கேனின் மேல் வைக்க மனம் வரவில்லை. எப்படிச் சேகரித்தீர்கள் என்று பாட்டியிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டேன். கேனின் வாய் சின்னது, பையன் நேரடியாக அதில் போக முடியவில்லை. அதனால் வீட்டில் பழைய பித்தளைச் செம்பு ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கி, அதில் பிடித்துக் கேனில் ஊற்றியிருக்கிறார்கள். "புளி போட்டு நல்லா விளக்கித்தான் வெச்சேன் டாக்டர்" என்றார் பாட்டி. பித்தளையில் பாதிக்கு மேல் தாமிரம். புளி போட்டு விளக்கினால் பளபளப்பு வரும், கரையக்கூடிய புதிய பரப்பும் வெளியே வரும்.

அடுத்த ஞாயிறு அகன்ற வாய் பிளாஸ்டிக் குடுவையும் ஆய்வகம் அமிலத்தில் கழுவிய கேனும் கொடுத்து மறுபடி சேகரித்தோம். வீட்டில் குடிக்கும் செம்புத் தவலைத் தண்ணீரையும் அந்த வாரம் நிறுத்தச் சொன்னோம். சரியான முழு நாள் சேகரிப்புதானா என்று பார்க்கக் கிரியேட்டினினும் சேர்த்து அளக்கப்பட்டது. இம்முறை தாமிரம் 31. மதிப்பெண் 1ஆக இறங்கியது. வில்சன் வாய்ப்பு குறைவு என்று முடிவெடுத்து, ஆறு மாதத்தில் செருலோபிளாஸ்மினை மறுபடி பார்ப்பது, எடை இறங்கியும் எஸ்ஜிபிடி இறங்காவிட்டால் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று குறித்துக்கொண்டோம்.

செய்யாமல் விட்ட பரிசோதனைகள்

அப்பா கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார்: கல்லீரல் தழும்பைக் கண்டுபிடிக்கும் ‘மேம்பட்ட தொகுப்பு’. அதில் ஃபிப்-4 கணக்கும் இஎல்எஃப் பரிசோதனையும் இருந்தன.

ஃபிப்-4ஐ அங்கேயே தாளில் போட்டுக் காட்டினேன். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதை ஆயிரக்கணக்கில் எடுத்த தட்டணு எண்ணிக்கையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும். இவனுக்கு 0.21. பெரியவர்களில் 1.3க்குக் கீழே என்றால் கவலை இல்லை என்பார்கள். ஆனால் கணக்கின் மேல் வரியில் வயது உட்கார்ந்திருக்கிறது. இதே நொதிகளோடு 12 வயதுப் பையன் 1.3ஐத் தொட வேண்டுமென்றால் தட்டணுக்கள் 50 ஆயிரத்துக்குக் கீழே விழ வேண்டும்; அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்குக் கணக்கு தேவைப்படாது. இந்த எண் பிள்ளைகளுக்கு எப்போதும் ‘நலம்’ என்றே சொல்லும்.

இஎல்எஃப் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். அது இரத்தத்தில் அளக்கும் பொருள்களில் ஒன்று கொலாஜன் உருவாகும்போது உதிரும் துண்டு. வளர்ச்சி வேகம் எடுக்கும் வயதில் உடம்பெங்கும் கொலாஜன் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் கூடுதலாக வந்தால் தழும்பா, வளர்த்தியா என்று சொல்ல முடியாது. கல்லீரல் செல்கள் மடியும்போது வெளிவரும் சைட்டோகெரட்டின்-18 துண்டு பற்றியும் கேட்டார். ஆராய்ச்சியில் நம்பிக்கை தரும் குறியீடுதான், ஆனால் ஒரு தனிப் பிள்ளையிடம் எந்த எண்ணுக்கு மேல் என்ன செய்வது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு இல்லை. சிகிச்சையை மாற்றாத எண்ணுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

பக்கத்துப் பெருநகரத்தில், கல்லீரலின் விறைப்பையும் கொழுப்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மட்டும் எடுத்தோம். விறைப்பு 5.6 கிலோபாஸ்கல், கொழுப்பு அளவு 312. கொழுப்பு நிறைய, விறைப்பு பெரிதாக இல்லை. தழும்பை நிச்சயமாகச் சொல்லத் திசுப் பரிசோதனைதான் வழி. எஸ்ஜிபிடி 80க்கு மேல் என்பது அதற்குச் சாதகம். மண்ணீரல் பெரிதாகாதது, தட்டணுவும் ஆல்புமினும் நன்றாக இருப்பது, வில்சன் சந்தேகம் தணிந்தது ஆகியவை அதற்கு எதிர். ஆறு மாதம் வாழ்முறை மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி யோசிக்கலாம் என்று குடல்-கல்லீரல் நிபுணரும் ஒப்புக்கொண்டார்.

சிகிச்சை

ஒரு நாள் உணவை எழுதிவரச் சொன்னபோது பெற்றோர் நெய்யையும் முட்டையையும் குற்றவாளியாக வட்டமிட்டிருந்தார்கள். நான் வட்டமிட்டது வேறு: காலையும் இரவும் மால்ட் பவுடர் போட்ட பால், ஒவ்வொரு தம்ளருக்கும் இரண்டு கரண்டி சர்க்கரை, டியூஷன் போகும் வழியில் ரோஸ்மில்க் அல்லது பாட்டில் குளிர்பானம், திரும்பும்போது பேக்கரியில் கிரீம் பன். சர்க்கரையின் பிரக்டோஸ் பாதியைக் கல்லீரல்தான் எடுத்துக் கொழுப்பாக்குகிறது. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ள பருவ வயதுப் பையன்களுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையை எட்டு வாரம் ஏறக்குறைய முழுவதும் நிறுத்தியபோது கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. அந்தப் பையன்களுக்காகக் குடும்பம் முழுவதுமே அதே சாப்பாட்டைச் சாப்பிட்டது. நாங்களும் முதல் மூன்று மாதத்துக்குச் சர்க்கரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டோம், வீட்டில் எல்லோருக்கும். சோற்றின் அளவைப் பற்றி அப்போது பேசவே இல்லை.

மருந்து எதுவும் எழுதவில்லை. வைட்டமின் இ, மெட்ஃபார்மின் இரண்டையும் 173 பிள்ளைகளிடம் சோதித்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், எஸ்ஜிபிடியை நிலையாகக் குறைப்பதில் இரண்டுமே வெற்று மாத்திரையை வெல்லவில்லை. வைட்டமின் இ திசு அழற்சியில் ஓரளவு பலன் காட்டியது. ஆனால் அந்தப் பலன், திசுப் பரிசோதனையில் அழற்சி உறுதியான பிள்ளைகளிடம்.

பாட்டி கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்துவந்தார். கடையில் வாங்கிய லிவர் டானிக்கும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "கீழாநெல்லி கெட்டதுன்னு சொல்லலைம்மா. நாளைக்கு நம்பர் ஏறினாலும் இறங்கினாலும் எதனாலன்னு தெரியணுமில்லையா?" என்று கேட்டு, இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். டானிக் உடனே நின்றது. கீழாநெல்லி நிற்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

உடற்பயிற்சிக்கு ‘நடக்கச் சொல்லுங்கள்’ என்பது இந்த வயதில் எடுபடாது. அவனிடமே கேட்டோம். தெருவில் சிலம்பம் சொல்லித் தருகிறார்கள், போகிறேன் என்றான்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும்

மூன்றாம் மாதம் எடை 65.8 கிலோ. குறைந்தது கொஞ்சம்தான், ஆனால் உயரம் 152.5 ஆகியிருந்தது. எஸ்ஜிபிடி 58.

ஆறாம் மாதம் எஸ்ஜிபிடி 74, எஸ்ஜிஓடி 81. வீட்டில் சண்டை. பையன் வெளியே திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று அப்பா, கோடை விடுமுறையில் மாமா வீட்டுக்கு அனுப்பியதுதான் தப்பு என்று அம்மா. நான் பார்த்தது இரண்டு எண்களின் வரிசையை. இதுவரை எல்லா அறிக்கையிலும் எஸ்ஜிபிடிதான் மேலே இருந்தது. கொழுப்புக் கல்லீரலின் வழக்கமே அது. இப்போது எஸ்ஜிஓடி முந்தியிருக்கிறது. தழும்பு முற்றும்போதும் அப்படி ஆகும், ஆனால் ஆறு மாதத்தில், எடை குறைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு? "தம்பி, ரெண்டு மூணு நாளா என்ன பண்ணே?" என்று கேட்டேன். இரத்தம் கொடுத்ததற்கு முந்தைய நாள் மாவட்டச் சிலம்பப் போட்டி. அதற்கு முன் ஒரு வாரம் காலையும் மாலையும் பயிற்சி. கையைத் தூக்கினால் இன்னும் வலிக்கிறது என்றான்.

மிச்சமிருந்த இரத்தத்திலேயே சிபிகே பார்க்கச் சொன்னோம்: 1,420. பத்து நாள் ஓய்வுக்குப் பின் எஸ்ஜிபிடி 49, எஸ்ஜிஓடி 34, சிபிகே 190. ஏறியது தசையிலிருந்து வந்தது. அந்த முறை எடுத்த செருலோபிளாஸ்மின் 21. திசுப் பரிசோதனை யோசனையை நிபுணருடன் பேசிக் கைவிட்டோம்.

ஓராண்டு முடிவில்

உயரம் 157, எடை 65.1, உடல் நிறை குறியீடு 26.4. இடுப்பு 90 செ.மீ. எஸ்ஜிபிடி 34. ஹோமா 3.8, சராசரிச் சர்க்கரை 5.5, டிரைகிளிசரைடு 121, நல்ல கொழுப்பு 39. டிஎஸ்எச் 3.1. ஃபைப்ரோஸ்கேனில் கொழுப்பு அளவு 261, விறைப்பு 5.1. கழுத்துக் கருமை பாதி வெளுத்திருக்கிறது.

34 என்பது 26 அல்ல. இயல்புக்கு வந்துவிட்டது என்று எழுதவில்லை. வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள், ஆய்வக அறிக்கையும் இன்னும் 45 என்றுதான் அச்சடிக்கிறது. எஸ்ஜிபிடி இயல்பானாலும் கொழுப்பும் தழும்பும் மிச்சமிருக்க முடியும் என்பதை அப்பாவிடம் தனியாக உட்கார்த்திச் சொல்ல வேண்டியிருந்தது. எடையில் பெரிய மாற்றம் இல்லாமலே இவ்வளவு இறங்கியதற்கு உயரம் கூடியதும் ஒரு காரணம். அந்த உதவி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுதான் கிடைக்கும்.

அடுத்த முறை மாறுபவை

பித்தளைச் செம்பு விஷயத்துக்குப் பிறகு, சிறுநீர்த் தாமிரம் எழுதும்போதே அகன்ற வாய் பிளாஸ்டிக் குடுவையும் கேனோடு கொடுத்துவிடுகிறோம். ‘உலோகப் பாத்திரம் எதுவும் வேண்டாம்’ என்று தமிழில் அச்சடித்த தாள் அதில் ஒட்டியிருக்கும். கல்லீரல் நொதிக்கான சீட்டில் ‘மூன்று நாளுக்கு முன்பிருந்து கடும் பயிற்சி, போட்டி வேண்டாம்’ என்ற வரியைச் சேர்த்தோம். உடற்பயிற்சி செய்யச் சொல்லும் நாமே இதைச் சொல்லாவிட்டால் பிள்ளை செய்த நல்ல காரியத்துக்கு வீட்டில் திட்டு வாங்குவான்.

உள்ளூர் ஆய்வகத்திடம் 18 வயதுக்குக் கீழே 26, 22 என்ற எல்லையை அச்சடிக்கக் கேட்டோம். மென்பொருளை மாற்ற முடியாது என்றார்கள். இப்போதைக்கு அறிக்கை வந்ததும் செவிலியர் பேனாவில் எழுதிவிடுகிறார். அல்ட்ராசவுண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதை விட்டுவிட்டோம். கிரேடு 1 கிரேடு 2 ஆனது, 2 மறுபடி 1 ஆனது என்பதை வைத்து எந்த முடிவும் எடுத்ததில்லை.

உடன்பிறந்தவர்களை முதல் வருகையிலேயே பார்க்க வேண்டும். இவனுடைய தங்கைக்கு வயது 10, அவளும் உடற்பருமன் கோட்டைத் தாண்டியிருக்கிறாள். பதினொன்றாம் மாதத்தில்தான் அவளுக்கு இரத்தம் எடுத்தோம். எஸ்ஜிபிடி 29. அறிக்கையில் குறி இல்லை, செவிலியர் 22 என்று எழுதிச் சுழித்திருந்தார். மூன்று மாதத்தில் அவளுக்கு மறுபரிசோதனை. அண்ணனுக்கு ஆறு மாதத்தில்.